ஜெராக்ஸ் தந்த பேட்டண்ட் வக்கீல் - செஸ்டர் கார்ல்சன்



விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், உன் தொழிலைப் பற்றியே எழுதிக் கொடு என்று மலர்க் குழுவினர் போன் செய்தார்கள். என் தொழில் கொஞ்சம் விவகாரமானது. நம் கல்லூரியில் 2008 முதல் 2012 வரை மெக்கானிக்கல் படித்தேன். இப்போது சென்னையில், காப்புரிமை வழக்கு (பேட்டண்ட் கேஸ் என்றால்தான் பலருக்குப் புரியும்) நடத்தும் வக்கீல்களுக்குத் தொழில்நுட்ப விளக்கம் தயாரித்துக் கொடுக்கும் இன்ஜினியராக இருக்கிறேன். ஊருக்கு வந்தால் பொட்டிபுரத்தில் எங்கள் பெரியப்பா விடாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இன்ஜினியருக்குப் படிச்சுப்புட்டு கோர்ட்டுல போய் என்னப்பா பண்றே? நியூட்ரினோ என்றால் என்னவென்று விளக்குவதைவிட அவருக்கு இதை விளக்குவது கஷ்டம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியூட்ரினோ ஓரளவு பழகிவிட்டது.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் வழியில் எனக்கு முன்னால் போன ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அறிவியல் படித்தார், வேலை கிடைக்காமல் அலைந்தார், பேட்டண்ட் அலுவலகத்தில் குமாஸ்தா மாதிரி உட்கார்ந்தார், இரவில் சட்டம் படித்தார், நடுவில் உலகத்தையே மாற்றிய ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் நம்மில் பத்துப் பேருக்குக்கூடத் தெரிந்திருக்காது. அவர் கண்டுபிடித்த பொருளுக்கு முன்னால் வரிசையில் நிற்காதவர் நம்மில் ஒருவர்கூடக் கிடையாது. செமஸ்டருக்கு முந்தின நாள் இரவு, யாரோ ஒரு நல்ல பிள்ளை எழுதிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முப்பது பேர் அடித்துப் பிடித்து நின்றோமே, அந்த ஜெராக்ஸ் கடையைத்தான் சொல்கிறேன். மைக்ரோ ஜெராக்ஸ் எடுத்தவர்கள் கதை தனி. அது இந்த மலரில் வேண்டாம்!

பெயர் செஸ்டர் கார்ல்சன். பிறந்தது 1906 பிப்ரவரி 8, அமெரிக்காவின் சியாட்டில் நகரம்.

முடி திருத்தும் தொழிலாளியின் மகன்

அப்பா முடி திருத்தும் தொழிலாளி. காசநோயும் மூட்டுவாதமும் சேர்ந்து அவரைப் படுக்கையில் தள்ளிவிட்டன. நிலம் வாங்கிப் பிழைக்கலாம் என்று குடும்பம் மெக்சிகோவுக்குப் போனது. போன இடத்தில் அம்மாவுக்கு மலேரியா வந்ததுதான் மிச்சம். ஏழு மாதத்தில் கையிலிருந்ததையும் இழந்து திரும்பினார்கள். பிறகு கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ பக்கம், மலையை ஒட்டிய இடம். எட்டு வயதில் சில்லறை வேலைக்குப் போக ஆரம்பித்த பையன், உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது வீட்டுக்கே அவன்தான் சம்பாத்தியம். பள்ளிக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பள்ளிக்குப் பின்னால் சில மணி நேரம் வேலை. பதினேழு வயதில் அம்மா காசநோயில் இறந்துபோனார்.

காப்பித் தோட்டத்துக்கும் ஏலத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போய்க்கொண்டே படித்த தம்பிகள் நம் கல்லூரியிலும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பகுதியை நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்தப் பையனுக்கு எழுத்தைப் பெருக்கும் ஆசை சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. ரப்பர் ஸ்டாம்பு எழுத்துகளும் பொம்மை டைப்ரைட்டரும்தான் அவனுடைய விளையாட்டுச் சாமான். பத்து வயதில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினான். பள்ளிப் பருவத்தில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்து, கூலிக்குப் பதிலாகப் பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, வேதியியல் மாணவர்களுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கினான். அது இரண்டு இதழோடு நின்றது. ஒவ்வொரு எழுத்தாகக் கோத்து அச்சேற்றும் பாடு எவ்வளவு என்று தெரிந்துகொண்டதுதான் லாபம்.

ரிவர்சைடு ஜூனியர் கல்லூரியில் வேலையும் படிப்பும் மாறி மாறிச் செய்து, அங்கிருந்து புகழ்பெற்ற கால்டெக் நிறுவனத்துக்குப் போய் 1930-ல் இயற்பியலில் பட்டம் வாங்கினார். கையில் பட்டம், தலையில் 1,500 டாலர் கடன், வெளியே பொருளாதார மந்தம். 82 கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். எண்பத்திரண்டிலும் வேலை கிடைக்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் நாலு கம்பெனி கைவிட்டதும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சோககீதம் பாடியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியில் நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரம் 35 டாலருக்கு ஆராய்ச்சி இன்ஜினியராகச் சேர்ந்தார். பெயர்தான் ஆராய்ச்சி, வேலை சலிப்பாக இருந்தது. ஒரு வருஷத்தில் தானே கேட்டு பேட்டண்ட் பிரிவுக்கு மாறிக்கொண்டார். கூட இருந்தவர்களுக்கு இது இறக்கமாகத் தெரிந்திருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்டுபிடிப்புகள் எப்படிப் பிறக்கின்றன, எப்படி எழுதப்படுகின்றன, எந்த இடத்தில் தோற்கின்றன என்பதை நாள்தோறும் பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே இருந்தபோது தன் நோட்டுப் புத்தகத்தில் நானூறுக்கும் மேற்பட்ட யோசனைகளை எழுதி வைத்தார். 1933-ல் அந்த வேலையும் போயிற்று. சக ஊழியர்கள் சிலரோடு சேர்ந்து வெளியே ஒரு வியாபாரத் திட்டம் போட்டது மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது.

கைவலி

ஆறு வாரம் அலைந்து ஒரு பேட்டண்ட் வக்கீல் அலுவலகத்தில் இடம் பிடித்தார். பிறகு மின்சாதன உதிரி பாகங்கள் செய்யும் பி.ஆர். மல்லரி கம்பெனியின் பேட்டண்ட் பிரிவுக்குப் போனார். நாளடைவில் அந்தப் பிரிவுக்கே தலைவரானார்.

இங்கேதான் கதையின் வேர் இருக்கிறது. பேட்டண்ட் வேலையில் ஒரே ஆவணத்துக்குப் பல படிகள் வேண்டும். காப்புரிமை அலுவலகத்துக்கு ஒன்று, கண்டுபிடித்தவருக்கு ஒன்று, எதிர்த் தரப்புக்கு ஒன்று, நம் கோப்புக்கு ஒன்று. அன்றைக்குப் படி எடுக்க என்ன வழி? கார்பன் தாள் வைத்து டைப் அடிக்கலாம். ஆனால் ஏற்கெனவே உள்ள ஆவணத்தைத் திரும்ப முழுக்க அடிக்க வேண்டும். அடித்ததை வரி வரியாக ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். படம் இருந்தால் கையால் வரைய வேண்டும். இல்லாவிட்டால் போட்டோஸ்டாட் எடுக்க வெளியே அனுப்ப வேண்டும். அது ஈரமான புகைப்பட வேலை, செலவும் நேரமும் பிடிக்கும். நம் மூத்த அண்ணன்மார் பார்த்த சைக்ளோஸ்டைலுக்கோ முதலில் ஸ்டென்சில் வெட்டியாக வேண்டும்.

போதாததற்கு 1936-ல் நியூயார்க் லா ஸ்கூலில் இரவு வகுப்பில் சேர்ந்தார். சட்டப் புத்தகம் வாங்கக் காசில்லை. நியூயார்க் பொது நூலகத்தில் உட்கார்ந்து புத்தகங்களைக் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டார். கிட்டப்பார்வைக் கண்கள், அப்பாவைப் போலவே மூட்டுவாதம். எழுதி எழுதிக் கை வலித்தது. அந்த வலிதான் அவரை யோசிக்க வைத்தது: பொத்தானைத் தட்டினால் ஒரு காகிதம் இன்னொரு காகிதமாக வெளியே வராதா?

புகைப்பட வழியில் போகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டார். பெரிய பெரிய கம்பெனிகளின் ஆய்வுக்கூடங்கள் அந்த வழியில் ஏற்கெனவே ஆட்களைக் குவித்திருந்தன. யாரும் போகாத வழியைத்தான் தனியாள் தேட வேண்டும். பேட்டண்ட் அலுவலகத்தில் உட்கார்ந்தவனுக்குத்தான் இந்தப் புத்தி வரும் என்பது என் கருத்து. எந்தத் தெருவில் கூட்டம், எந்தத் தெரு காலி என்று அவனுக்குத்தான் தெரியும். அதே நூலகத்தில் தேடித் தேடி ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி பால் செலன்யி என்பவரின் கட்டுரை ஒன்றைக் கண்டுபிடித்தார். மின்னூட்டத்தைக் கொண்டு தூளைப் பிடித்துப் படம் உண்டாக்குவதைப் பற்றியது அது.

நம் மாணவர்களுக்காக அந்தத் தத்துவத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சில பொருள்கள் இருட்டில் மின்சாரத்தைக் கடத்தாது, வெளிச்சம் பட்டால் கடத்தும். அப்படிப்பட்ட பொருளை ஒரு தகட்டில் பூசி, தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, எழுத்தின் நிழலை அதன்மேல் விழ வையுங்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்னூட்டம் ஓடிப்போய்விடும். எழுத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் தங்கும். மேலே தூளைத் தூவினால், தலை வாரிய சீப்பில் காகிதத் துணுக்கு ஒட்டுகிற மாதிரி, எழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஒட்டும். அதைக் காகிதத்துக்கு மாற்றிச் சூடு காட்டி உருக்கிவிட்டால் படி தயார். இன்றைய லேசர் பிரிண்டர் வரைக்கும் இதே கதைதான்.

முதல் விண்ணப்பத்தை 1937 அக்டோபரிலேயே காப்புரிமை அலுவலகத்தில் போட்டுவிட்டார். செய்து பார்ப்பதற்கு முன்னாலேயே!

செய்து பார்த்த இடம் வீட்டுச் சமையலறை. 1934-ல் எல்சா என்பவரைத் திருமணம் செய்திருந்தார். கணவர் அடுப்பில் கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகட்டில் பூசுவார். அடுக்குமாடிக் குடியிருப்பு முழுக்க அழுகிய முட்டை நாற்றம். இரண்டொரு முறை தீப்பிடித்ததும் உண்டு. அந்த அம்மாளின் பொறுமையைப் பற்றி எந்தப் புத்தகமும் போதுமான அளவு எழுதவில்லை என்பேன்.

1938-ல் கைக்காசு போட்டு ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டார். ஓட்டோ கோர்னய், ஆஸ்திரியாவிலிருந்து அகதியாக வந்து வேலை கிடைக்காமலிருந்த விஞ்ஞானி. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு மாடியறை. 1938 அக்டோபர் 22. கோர்னய் ஒரு கண்ணாடித் துண்டில் மையால் அன்றைய தேதியையும் அஸ்டோரியா என்ற ஊர்ப் பெயரையும் எழுதினார். ஜன்னல் திரையை இழுத்து அறையை இருட்டாக்கி, கந்தகம் பூசிய தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து, கண்ணாடியை மேலே வைத்து, பிரகாசமான விளக்கைச் சில வினாடி காட்டினார்கள். பிறகு ஒரு செடியின் நுண்ணிய வித்துத் தூளைத் தூவி ஊதினார்கள். எழுத்து அப்படியே தங்கியது. மெழுகுத்தாளை அழுத்திச் சூடாக்கி எடுத்தார்கள். உலகின் முதல் ஜெராக்ஸ் படி அதுதான். திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு இருவரும் சாப்பிடப் போனார்கள்.

கோர்னய்க்கு இதில் பெரிய எதிர்காலம் தெரியவில்லை. சில மாதத்தில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எல்லைக்கல் நடும் வித்தை

இனி வருவது என் தொழில். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் எண் போட்ட சில வாக்கியங்கள் இருக்கும். அவைதான் உரிமைக் கோரிக்கைகள். வழக்கு வந்தால் நீதிபதி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தோட்டத்துக்கு எல்லைக்கல் மாதிரி. நம் மலைப்பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு ஒருவர் புதுமாதிரி அடுப்பு செய்கிறார் என்று வையுங்கள். விறகு எரித்து, இரும்புக் குழாய் வழியே சூடு ஏற்றி உலர்த்துவது என்று அவர் எழுதினால், பக்கத்துத் தோட்டக்காரர் கேஸ் அடுப்பு வைத்து அதையே செய்துவிட்டுப் போவார், கேட்க முடியாது. எந்தச் சூட்டினாலும் உலர்த்துவது என்று எழுதினால், அது எங்கள் பாட்டன் காலத்திலேயே உண்டு என்று எதிர்த் தரப்பு வக்கீல் ஒரே நாளில் உடைத்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே கல்லை எங்கே நடுவது என்பதுதான் வித்தை. சட்டம் மட்டும் படித்தவருக்கு அடுப்பு தெரியாது; அடுப்பு மட்டும் தெரிந்தவருக்குச் சொல் தெரியாது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்த பெரிய வழக்கு ஒன்று உண்டு. சிறிய என்ஜினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது எங்கள் காப்புரிமை என்று பஜாஜ் கம்பெனியும், எங்கள் பிளேம் வண்டியில் இருப்பது மூன்று வால்வு என்ஜின், அது வேறு என்று டி.வி.எஸ். கம்பெனியும் 2007-ல் மோதிக்கொண்டன. தனி நீதிபதி 2008-ல் தடை கொடுத்தார், டிவிஷன் பெஞ்ச் 2009-ல் தடையை நீக்கியது, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. தெர்மல் இன்ஜினியரிங் பாடத்தைக் கோர்ட்டில் நடத்திய மாதிரி இருக்கும் அந்தத் தீர்ப்புகளைப் படித்தால். மெக்கானிக்கல் தம்பிகள் படிக்க வேண்டும்.

கார்ல்சனுக்கு இரண்டும் தெரியும். அவர் பரிசோதனையில் கைக்கு அகப்பட்டது கந்தகம். கந்தகத்தை மட்டும் எழுதியிருந்தால் அவர் கதை கந்தகத்தோடு முடிந்திருக்கும். வெளிச்சம் பட்டால் மின்சாரத்தைக் கடத்துகிற காப்புப் பொருள் என்று, தத்துவத்தைச் சுற்றிக் கல்லை நட்டார். மின்னூட்டம் ஏற்றுவது, வெளிச்சம் காட்டுவது, தூள் தூவுவது, காகிதத்துக்கு மாற்றுவது என ஒவ்வொரு படியும் உள்ளே வந்தது. பின்னால் கந்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் செலினியத்துக்கு மாறியபோதும் அடிப்படை அவருடையதாகவே நின்றது. 1939-ல் சட்டப் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு ஏப்ரலில் போட்ட விண்ணப்பத்துக்கு 1942 அக்டோபர் 6-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 22,97,691. இந்தத் தேதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காப்புரிமை கிடைத்தது, வாங்க ஆள் இல்லை. ஐ.பி.எம்., கோடக், ஜெனரல் எலெக்ட்ரிக், ஆர்.சி.ஏ. என்று இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் கையை விரித்தன. அமெரிக்கக் கடற்படையும் வேண்டாம் என்றது. கார்பன் தாள் காசுக்கு நாலு கிடைக்கும்போது இந்த நாற்றம் பிடித்த தகடு எதற்கு? பகலில் மல்லரி கம்பெனியின் வேலை, இரவில் இந்த வேலை. இல்லற வாழ்க்கை தளர்ந்து 1945-ல் விவாகரத்தில் முடிந்தது. அந்த ஆறேழு வருஷம் அவரிடம் இருந்ததெல்லாம் அவரே எழுதிய அந்தக் காகிதங்கள்தான். ஆனால் அவை இருந்தன.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் மலையிலேயே பார்த்திருக்கிறோம். நம்மூர் ஏலச் சந்தைக்கு வரும் காயில் பெரும்பங்கு ஞள்ளானி ரகம்தான். அது எந்த ஆராய்ச்சி நிலையமும் தந்ததல்ல. இடுக்கி மாவட்டத்து விவசாயி ஒருவர் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்தது. கிழங்கு மலைமுழுக்கப் பரவியது, விளைச்சல் பல மடங்கு கூடியது, தோட்டக்காரர்கள் பிழைத்தார்கள். உருவாக்கியவருக்கு உரிமை தரும் சட்டம் அப்போது இந்த நாட்டில் இல்லை. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் 2001-ல்தான் வந்தது. போடியில் ஏலத்துக்கு உட்கார்ந்து லாபம் பார்த்த எத்தனை பேருக்கு அந்த விவசாயியின் பெயர் தெரியும்?

கதைக்கு வருவோம். 1944-ல் ஒஹையோ மாநிலத்துப் பேட்டல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒரு இன்ஜினியர், வேறொரு பேட்டண்ட் விஷயமாக மல்லரி அலுவலகத்துக்கு வந்தார். வந்த வேலை முடிந்ததும் கார்ல்சன் தன் கண்டுபிடிப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். ஊரெல்லாம் சுற்றிக் கிடைக்காதது ஆபீஸ் மேஜையிலேயே கிடைத்தது! பேட்டல் ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டது, ராயல்டியில் கார்ல்சனுக்குப் பங்கு. அவர் 1945-ல் மல்லரி வேலையை விட்டார். கந்தகத்துக்குப் பதில் செலினியம் என்று பேட்டல்காரர்கள் கண்டார்கள்.

1947-ல் ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்டு என்ற சின்னக் கம்பெனி உள்ளே வந்தது. போட்டோ காகிதம் செய்யும் கம்பெனி. அதே ஊரில்தான் ராட்சசன் மாதிரி கோடக். அதன் தலைவர் ஜோசப் வில்சன், கம்பெனியின் வருங்காலத்தையே இதில் பணயம் வைத்தார். உலர், எழுத்து என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஜெராகிராஃபி என்று பெயரிட்டு, முதல் படி எடுத்து சரியாகப் பத்தாண்டு நிறைந்த 1948 அக்டோபர் 22-ல் டெட்ராய்ட்டில் உலகுக்கு அறிவித்தார்கள். 1949-ல் வந்த முதல் இயந்திரம் தோல்வி. ஒரு படிக்கு ஆயிரம் கைவேலை. ஆப்செட் அச்சுக்கு மூலத்தகடு செய்ய உதவும் என்று யாரோ கண்டுபிடித்ததால் தப்பியது.

இன்னும் பத்து வருஷம். 1958-ல் கூட்டுச் சேர வாய்ப்பு வந்தபோது ஐ.பி.எம். ஆய்வு நடத்திப் பார்த்தது; நாடு முழுவதும் 5,000 இயந்திரத்துக்கு மேல் போகாது என்று நிபுணர்கள் அறிக்கை கொடுத்தார்கள், ஐ.பி.எம். விலகிக்கொண்டது. அந்த எண்ணிக்கையை இயந்திரம் சீக்கிரமே தாண்டிவிட்டது.

அதுதான் மாடல் 914. ஒன்பதுக்குப் பதினாலு அங்குலத் தாள் வரை படி எடுப்பதால் அந்தப் பெயர். 1959 செப்டம்பர் 16-ல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் அரங்கேற்றம். கொண்டுபோன இரண்டு இயந்திரங்களில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது! எடை 294 கிலோ, நிமிஷத்துக்கு ஏழு படி. விற்பனைக்குப் பின்னும் தாள் மாட்டிக்கொண்டால் கருகும் அபாயம் இருந்ததால் கூடவே ஒரு சின்னத் தீயணைப்புக் கருவியும் கொடுத்தார்கள். அதற்குத் தீயணைப்பான் என்று பெயர் சொல்லாமல், கருகல் நீக்கி என்கிற மாதிரி நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். விற்பனைப் பிரிவில் இருக்கும் நம் நண்பர்கள் ரசிப்பார்கள். விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே வழக்கமாயிற்று. மாதம் 95 டாலர், 2,000 படி இலவசம், அதற்குமேல் படிக்கு இவ்வளவு.

இப்போது அந்தத் தேதியைப் பாருங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள், கிடைத்த நாளிலிருந்து 17 வருஷம். 1942 அக்டோபர் 6-ல் கிடைத்தது 1959 அக்டோபர் 6-ல் முடிகிறது. இயந்திரம் அரங்கேறி இருபதே நாளில்! கார்ல்சனின் எல்லைக்கல் அத்தனை வருஷம் காலித் தோட்டத்தைக் காத்து நின்று, காய் பறிக்கும் நாளில் விழுந்தது. ஆனால் அந்த இடைவெளியில் பேட்டல்காரர்களும் ஹாலாய்டுகாரர்களும் செலினியத்துக்கு ஒன்று, தூளுக்கு ஒன்று, மாற்றும் முறைக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் புதுக் கற்களை நட்டுவிட்டார்கள். முதல் காப்புரிமையின் வேலை லாபம் சம்பாதிப்பதல்ல. மற்றவர்கள் நம்பிப் பணம் போடும்வரை இடத்தைப் பிடித்து வைப்பது. நான் கையாண்ட வழக்குகளிலும் இதையே பார்க்கிறேன்.

கொடுத்துத் தீர்த்த செல்வம்

ஹாலாய்டு 1961-ல் ஜெராக்ஸ் கார்ப்பரேஷன் ஆயிற்று. 1965 வரை உலகில் எங்கே ஒரு படி எடுத்தாலும் ஒரு சென்டில் பதினாறில் ஒரு பங்கு கார்ல்சனுக்கு வந்தது. சிறு துளி பெருவெள்ளம். ஏறக்குறைய 15 கோடி டாலர் சேர்ந்தது. 1968-ல் பார்ச்சூன் பத்திரிகை அமெரிக்காவின் பெரும் பணக்காரர் பட்டியலில் அவரைப் போட்டபோது, தான் அந்த வரிசையில் இல்லை என்று அவரே கடிதம் எழுதினார். பொய்யில்லை. அதற்குள் ஏறத்தாழ பத்துக் கோடி டாலரைக் கொடுத்துவிட்டிருந்தார். பெரும்பாலும் பெயர் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய அமைப்புகள், அவர்களின் கல்லூரிகள், உலக அமைதிக்கான முயற்சிகள் என்று போயிற்று பணம். தன் பெயரில் வாங்கிய அடுக்குமாடிகளில் கறுப்பர்களுக்கும் வீடு கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்தார். அது அங்கே எளிதான காரியமாக இல்லாத காலம்.

முப்பது வருஷத்துக்கு முன் விட்டுப்போன கோர்னய்க்கும் ஜெராக்ஸ் பங்குகள் நூறு அனுப்பி வைத்தார். சட்டப்படி ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் எப்போதோ முடிந்தது. அதை எழுதியவரே அவர்தான்!

1946-ல் மணந்த இரண்டாவது மனைவி டோரிஸ் வழியாக அவர் மனம் நம் நாட்டுப் பக்கம் திரும்பியது. வேதாந்தம் படித்தார், ஜென் தியானத்தில் ஈடுபட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் மறுபிறவிக் கதைகளைச் சேகரித்து ஆராய்ந்த வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் இயன் ஸ்டீவன்சனுக்குப் பண உதவி செய்தார். உயிலிலும் பத்து லட்சம் டாலர் எழுதி வைத்தார். படி எடுப்பதில் வாழ்க்கையைக் கழித்தவருக்குப் பிறவிக்குப் பிறவி படி உண்டா என்று தெரிந்துகொள்ள ஆசை போலும். எனக்கு இதில் அபிப்பிராயம் எதுவுமில்லை.

1968 செப்டம்பர் 19. நியூயார்க்கில் ஒரு வேலையாக வந்தவர், இடையில் கிடைத்த நேரத்தில் சினிமாவுக்குப் போய் உட்கார்ந்தார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். மாரடைப்பு. வயது 62.

வழக்குகளெல்லாம் அவர் போன பிறகுதான் வரிசைகட்டி வந்தன. ஐ.பி.எம். தானும் காப்பியர் செய்ய ஆரம்பித்தபோது ஜெராக்ஸ் 1970-ல் வழக்குப் போட்டது, 1978-ல்தான் சமரசம். இன்னொரு பக்கம், இவ்வளவு காப்புரிமைகளை ஒரே கம்பெனி அடுக்கி வைத்துக்கொண்டு வேறு யாரையும் உள்ளே விடவில்லை என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. 1975-ல் ஜெராக்ஸ் தன் காப்புரிமைகளைப் பிறருக்கும் உரிமமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஜப்பான் கம்பெனிகளின் சின்ன மிஷின்கள் உலகச் சந்தையைப் பிடித்தது அதற்குப் பிறகு. அவை நம் தாலுகா ஆபீஸ் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்தன. வேலி போட்டதும் சட்டம், வேலியைப் பிரித்ததும் சட்டம். இரண்டுமே தேவைதான் என்பது என் கட்சி.

ஜெராக்ஸ் கடை நம் நாட்டு நீதிமன்றத்திலும் ஏறியது. டெல்லி பல்கலைக்கழகத்தில் பாடப் பகுதிகளைப் படி எடுத்துத் தொகுத்துக் கொடுத்த கடைமேல் வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. படிப்பிப்பதற்காகப் படி எடுப்பது குற்றமல்ல என்று 2016 செப்டம்பர் 16-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டிலும் டிசம்பரில் அந்தக் கருத்து பெரும்பாலும் நின்றது. செமஸ்டர் வரிசையில் நின்ற நாம் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

கடைசியாக, மாணவத் தம்பி தங்கைகள் போன் போட்டுக் கேட்கும் சங்கதி. இந்தியாவில் பேட்டண்ட் ஏஜெண்ட் ஆகச் சட்டப் பட்டம் தேவையில்லை. அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஏதாவது ஒன்றில் பட்டம், 21 வயது, இந்தியக் குடியுரிமை இருந்தால் காப்புரிமை அலுவலகம் நடத்தும் தேர்வை எழுதலாம். விண்ணப்பம் எழுதவும், அலுவலகத்தில் ஆஜராகி வாதாடவும் அது போதும். நீதிமன்றத்தில் வழக்கு நடத்த வேண்டும் என்றால் மேற்கொண்டு மூன்று வருட எல்.எல்.பி. முடித்து வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும். நமக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. பழைய காப்புரிமை ஆவணங்கள் எல்லாம் இன்று இணையத்தில் இலவசம். கார்ல்சனின் 1942-ஆம் வருஷத்து ஆவணமும் அங்கே இருக்கிறது. படங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், கடைசிப் பக்கத்துக் கோரிக்கைகளையும் படியுங்கள். புரியாவிட்டால் மலரின் முகவரிப் பட்டியலில் என் நம்பர் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தவிர எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.